இரண்டு வயது நிலம்

பிராங்பேர்ட் விமான நிலையம்
6.8.1988

அன்பின் அண்ணா,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்த ஹோர்லிக்ஸ் போத்தலைத் தேடிக் களைத்திருப்பீர்கள். கட்டிலுக்குக் கீழே பார்க்க வேண்டாம். பக்கத்து அறைப் பெடியன்களைச் சந்தேகப்படவும் வேண்டாம். நான்தான் எடுத்தேன். புதன்கிழமை எனக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனீர்களே, அப்போது எடுத்தேன். அப்பாவின் சாம்பல் இப்போது என் தோள்பையில் இரண்டு துவாய்க்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது.

நான் ரியூனியன் என்ற தீவுக்குப் போகிறேன். ஆபிரிக்காவுக்குக் கிழக்கே, நம் இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் கிடக்கிறது. பிரான்சுக்குச் சொந்தம். நடுவில் மலைகள், ஒரு ஓரத்தில் உயிருள்ள எரிமலை. பான் பல்கலைக்கழகத்தில் கல் ஆராய்ச்சி செய்யும் வைதேகிக்கு அங்கே கற்கள் பொறுக்க வேண்டும். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது, எனக்குத் தெரியும். முதியோர் இல்லத்துக் குசினியில் ஒரு வருடம் உருளைக்கிழங்கு உரித்துச் சேர்த்த விடுமுறை முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டேன். ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், கார் ஓடுவேன், மலை ஏறுவேன், கடலில் குளிப்பேன். உல்லாசப் பயணமா என்று கேட்பீர்கள். ஓம், உல்லாசப் பயணம்தான். அப்பா செத்து வருடம் திரும்பவில்லையே என்றும் கேட்பீர்கள். அதனால்தான் அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

போன ஐப்பசியில் ஷெல் விழுந்தபோது நீங்களும் நானும் வுப்பர்டாலில் இருந்தோம். சனம் வீட்டை விட்டு வெளியே வரப் பயந்த நேரத்தில் பக்கத்து வீட்டு பீலிக்ஸ் மாமாதான் கொள்ளி வைத்தார். கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைக்க வழியில்லாமல் சாம்பலைப் போத்தலில் போட்டு நமக்கு அனுப்பினார். நீங்கள் அதை வைத்துக்கொண்டு சமாதானம் வரட்டும், கீரிமலைக்குக் கொண்டுபோகிறேன் என்கிறீர்கள். எந்தச் சமாதானம், எந்த வருடம் என்று கேட்டால் கோபம் வருகிறது.

என் அகதிப் பயணப்பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும். எல்லா நாடுகளும் என்றால் எல்லா நாடுகளும்தான். நான் போகிறேன்.

தங்குமிடத்தின் முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. ஏச விரும்பினால் அங்கே எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி
கமலம்


வுப்பர்டால்
9.8.1988

கமலநாயகிக்கு,

அன்பின் என்று எழுதப் பேனா ஓடவில்லை. நான் சுகம், நீ சுகமா என்று கேட்கவும் மனம் இல்லை.

இரண்டு நாள் இந்த அகதி விடுதியைத் தலைகீழாகப் புரட்டினேன். அடுத்த அறைப் பெடியனின் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். அவன் அழுதுவிட்டான். இன்று உன் கடிதம் வந்தபிறகு அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என் கூடப்பிறந்தவள் என்று அவனுக்குச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

அப்பாவின் சாம்பலைக் களவெடுத்தாய். அதை ஒரு சுற்றுலாவுக்குக் கொண்டுபோனாய். அதுவும் யாரோடு? இந்தியாக்காரியோடு. அப்பாவின் மேல் விழுந்த ஷெல் எந்த நாட்டுப் படையின் ஷெல் என்று உனக்கு ஞாபகம் இல்லையா? அவள் கல் பொறுக்க, நீ கார் ஓட, பின் சீற்றில் நம் அப்பா சிற்றம்பலத்தாரின் சாம்பல். ஊரில் கேட்டால் காறித் துப்புவார்கள்.

சாம்பலைக் கரைப்பது மகனின் கடமை. பெண் பிள்ளைகள் சுடலைக்கே போவதில்லை. நீ கடலில் இறங்கிக் கரைத்தால் அது கரைத்ததாகாது, கொட்டியதாகும். அப்பாவின் ஆத்மா எங்கே போகும்? எதற்கும் சிரிப்பாய். என் தாடியைப் பார்த்தும் சிரித்தாய். சாம்பலைக் கரைத்து அந்தியேட்டி முடிக்காதவன் எப்படித் தாடி வழிப்பது என்று நீ யோசிக்கவில்லை.

இன்னொன்றும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். உன் அகதி வழக்கை ஏற்றார்கள், என் வழக்கைத் தள்ளினார்கள். மேல்முறையீடு முடியும்வரை இந்த நகரத்தின் எல்லையைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. கொலோனுக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்ப் பிடிபட்டது உனக்குத் தெரியும். இன்னொரு முறை பிடிபட்டால் வழக்குப் போடுவார்கள். நான் வர ஏலாது என்று தெரிந்துகொண்டுதானே நீ போத்தலைத் தூக்கினாய்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்குரயிலில் ஏறினேன். ஒரு முனையில் இருந்து மறு முனைக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். இரண்டு முனையும் வுப்பர்டாலுக்குள்தான். எவ்வளவு ஓடினாலும் சட்டம் மீறாத ரயில் அது ஒன்றுதான்.

போத்தலைத் திறக்காதே. அப்படியே கொண்டுவந்து இருந்த இடத்தில் வை. இல்லையென்றால் ஐப்பசியில் வருடம் திரும்பும்போது நடக்கும் ஆட்டைத் திவசத்துக்கு நீ வரவேண்டாம். அதன் பிறகும் வரவேண்டாம்.

உருத்திரமூர்த்தி


சிலாவோஸ், ரியூனியன்
18.8.1988

அன்பின் அண்ணா,

ஏச்சுக் கிடைத்தது. தங்குமிடத்து மதாம் ராமசாமி அதைக் கையில் தந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தட்டுச் சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார். இவருடைய பூட்டனார் கரும்பு வெட்டக் காரைக்காலில் இருந்து கப்பலில் வந்தவராம். இவருக்குத் தமிழ் தெரியாது. பெயர்தான் மிச்சம், பிறகு கறியின் உறைப்பும்.

முதலில் வைதேகி. அவளுக்கு உங்கள் கடிதத்தை நான் வாசித்துக் காட்டினேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? கேட்டுவிட்டுத் தன் பையை எடுத்துத் தோளில் போட்டாள். பிறகு, "உங்க அண்ணா கோபம் நியாயம்தான் கமலா. நான் வேணும்னா ஒரு பஸ் பிடிச்சுத் தனியா போயிடறேன், நீ காரை வச்சுக்கோ" என்றாள். "உமக்கு என்ன விசரோ? ஏறும் காரிலை" என்றேன். அண்ணா, ஷெல்லை வைதேகி அடிக்கவில்லை. என் விசாரணையில் எனக்காக ஜெர்மன் பேசியவள் இவள். நான் அழுதபோது அதிகாரியைப் பொறுக்கச் சொல்லிவிட்டு மூக்குத் துடைக்கத் தன் கைலேஞ்சியைத் தந்தாள். உங்களுக்கு இப்படி ஒருத்தி வாய்க்கவில்லை என்பதற்கு அவள் பொறுப்பல்ல.

இனிப் பயணம். எங்களுடையது ஒரு பழைய வெள்ளை றெனோ கார். கியர்த் தடி முன்பலகையில் இருந்து குடைக்கம்பு போல நீட்டிக்கொண்டிருக்கிறது. கடற்கரையில் இருந்து சிலாவோஸுக்கு ஏறும் றோட்டில் வளைவுகளை எண்ணவே ஏலாது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமில்லை. எதிரே பஸ் வந்தால் யாராவது பின்னால் போகவேண்டும். வைதேகி கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி கவசம் சொன்னாள். எனக்குப் பயம் வரவில்லை. அப்பாவின் வெங்காய லொறியில் கடுகண்ணாவை மலை றோட்டில் ஏறியது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு முறையும் அதையே சொல்லுவார். "வளைவிலை பிறேக்கைத் தொடாதை. வளைவுக்கு முன்னாலை மிதி. உள்ளுக்கை போனால் பிறகு போகவேண்டியதுதான்." உங்களுக்குத்தான் சொன்னார். நான் நடுவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி ஓடுவது கடைசியில் நான். கடைசி வளைவில் ஒரு பெரிய பஸ்காரன் எனக்காகப் பின்னால் எடுத்தான். ஹோர்ன் அடித்துக்கொண்டு தாண்டினேன். அப்பா பின் சீற்றில் சிரித்திருப்பார்.

இங்கே மஃபாத் என்று ஒரு மலைக்கிண்ணம் இருக்கிறது. றோட்டே கிடையாது, நடந்துதான் போகவேண்டும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தோட்டங்களில் இருந்து தப்பி ஓடி அதற்குள் ஒளிந்து வாழ்ந்தார்களாம். மஃபாத் என்பதே அப்படி ஓடிய ஒருவனின் பெயர்தான். அங்கே நடந்தோம். இறக்கத்தில் சறுக்கி, ஏற்றத்தில் மூச்சு வாங்கி, ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நினைத்தேன்: இந்த நாட்டில் அகதியின் பெயரை மலைக்கு வைத்திருக்கிறார்கள், ஜெர்மனியில் நமக்கு இலக்கம் வைத்திருக்கிறார்கள். கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே மிச்ச ஏற்றத்தை ஏறி முடித்தேன்.

இனிப் போத்தல். தெற்குக் கரையில் ஒரு இடம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் எரிமலைக் குழம்பு வழிந்து கடலுக்குள் போய் இறுகி, தீவு அந்த இடத்தில் பெருத்திருக்கிறது. வைதேகி வரைபடத்தில் காட்டினாள். இரண்டு வயது நிலம், அண்ணா. அதில் இன்னும் ஒரு படையும் நடக்கவில்லை. ஒருவனும் வேலி போடவில்லை. அதன் ஓரத்தில் இருக்கும் தண்ணீர் கீரிமலையைத் தொடும் அதே சமுத்திரம். அங்கேதான் செய்யப்போகிறேன்.

பெண் செய்யக்கூடாது என்கிறீர்கள். சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பீலிக்ஸ் மாமா கொள்ளி வைத்தபோது நீங்கள் சாத்திரம் பேசவில்லை. நன்றி சொல்லித்தான் கடிதம் போட்டீர்கள். மாமாவுக்கு ஏலும் என்றால் மகளுக்கும் ஏலும்.

நீங்கள் வர ஏலாது என்று தெரிந்துதான் போத்தலை எடுத்தேன். அது உண்மை. உங்களால் வர ஏலாது என்பதற்காக அப்பாவும் அந்த விடுதி அறையில் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டுமா? அவருடைய வழக்கு முடிந்துவிட்டது.

எப்படிச் செய்வது என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் எனக்குத் தெரிந்தபடி செய்வேன்.

கமலம்


வுப்பர்டால்
26.8.1988

கமலம்,

நான் சம்மதிக்கவில்லை. இந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசி. நாளைக்கு அண்ணா ஓம் என்றவர் என்று ஊருக்கு எழுதாதே.

ஆனால் நீ பிடித்தால் விடமாட்டாய். சின்னனில் வேப்ப மரத்தில் ஏறி, இறக்க வந்த ஆட்களை எல்லாம் உதைத்தவள். ஆகவே பிழையாகச் செய்யாமல் இருக்க எழுதுகிறேன்.

கண்ட நாளில் செய்யாதே. செப்டெம்பர் பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆவணி அமாவாசை. அன்று காலையில் சாப்பிடாதே. தலைக்குக் குளி. பச்சையரிசிச் சோறு வடித்து எள்ளுப் போட்டுப் பிண்டம் பிடி. எள்ளு அங்கே கிடைக்குமா? கிடைக்காவிட்டால் உடனே எழுது, இங்கே துருக்கிக் கடையில் இருக்கிறது, அனுப்புகிறேன். தர்ப்பை கிடைக்காது, ஏதாவது புல்லில் செய். பூ இருந்தால் நல்லது. செருப்பைக் கழற்று. அப்பாவின் பெயரையும் பாட்டாவின் பெயரையும் சொல்லு. தேவாரம் உனக்குப் பாடம் இல்லையென்று எனக்குத் தெரியும், ஆகவே தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ராகம் போடாதே, உன் குரலுக்கு அது வேண்டாம், வாசி. கரைத்ததும் திரும்பிப் பார்க்காமல் வா. திரும்பிப் பார்த்தால் போகிறவர் தயங்குவார்.

பாதியைப் போத்தலில் வைத்துக்கொண்டு வா. பாதி எனக்கு. நான் கீரிமலைக்கு ஒருநாள் போவேன். என்னுடைய நம்பிக்கையை நீ களவெடுக்க முடியாது.

அந்தப் பெண்ணை அருகில் நிறுத்தாதே. அவள் நல்லவளாக இருக்கலாம். எனக்கு அவளுடைய கைலேஞ்சி கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது ஷெல் செய்தி மட்டும்தான்.

கடுகண்ணாவை விஷயம் நினைவிருக்கிறது. அப்பா எனக்குச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு லொறியில் ஏறினாலே சத்தி வரும், நான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். அவர் உனக்குத்தான் சொன்னார். உன் பெயரைச் சொல்லிச் சொன்னால் அம்மா ஏசுவா என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மெதுவாக ஓடு.

உருத்திரமூர்த்தி


சாந்த்-ரோஸ், ரியூனியன்
11.9.1988

அன்பின் அண்ணா,

நாளைக்கு ஜெர்மனிக்குத் திரும்பிப் பறக்கும் ஒரு ஜெர்மன் சோடியிடம் இதைக் கொடுத்து, பிராங்பேர்ட்டில் தபாலில் போடச் சொல்கிறேன். நம் ஆட்கள் கையில் கடிதம் கொடுத்து அனுப்புவதைப் பார்த்து இவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சந்தோசமாக வாங்கிக்கொண்டார்கள்.

முடிந்தது.

எள்ளு கிடைத்தது. சிலாவோஸில் மதாம் ராமசாமி வீட்டிலேயே இருந்தது. எதற்கு என்று வைதேகியிடம் பிரெஞ்சில் கேட்டார். சொன்னதும் வாழையிலை வெட்டித் தந்தார், செவ்வந்திப் பூவும் பறித்துத் தந்தார். மகள் செய்யலாமா என்று வைதேகி மூலம் கேட்டேன். "என் அப்பாவுக்கு நான்தான் செய்தேன். வேறு யார் இருந்தார்கள்?" என்றார். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது, அவருக்கும் வந்தது. சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. வடித்தது வைதேகி. ஓம், அவள்தான் வடித்தாள். கோபப்படுங்கள்.

இரண்டு நாளைக்கு முன் எரிமலையில் ஏறியிருந்தோம். சுவர் போன்ற மலையில் படி படியாக இறங்கி, கறுத்த வெளியில் நடந்து, அந்தப் பக்கம் ஏறவேண்டும். பனி மூடினால் வழி தெரியாது என்று பாறைகளில் வெள்ளைப் புள்ளி அடித்திருக்கிறார்கள். பனி மூடியது. ஒரு புள்ளியில் நின்று அடுத்த புள்ளியைத் தேடி நடந்தோம். உச்சியில் கந்தக மணம். நிலம் சுட்டது. நான் நன்றாக மூச்சு இழுத்தேன், ஏனென்று தெரியாமல் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா செத்த பிறகு நான் மனதாரச் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். அதற்காக வெட்கப்பட மாட்டேன், அண்ணா. யாராவது ஏசினால் ஏசட்டும்.

இன்று காலை இரண்டு வயது நிலத்துக்குப் போனோம். றோட்டில் இருந்து கடல்வரை கறுப்பு. கண்ணாடி உடைந்த மாதிரிக் கூர். இடுக்குகளில் சின்னச் சின்னப் பன்னச் செடிகள் முளைத்திருக்கின்றன. செருப்பைக் கழற்றச் சொன்னீர்கள். கழற்றினேன், பாதம் கிழிந்தது. அப்படியே நடந்தேன். நீங்கள் எழுதிய தேவாரத்தை ராகம் போடாமல் வாசித்தேன். அப்பாவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் கத்தினேன். அந்த அலைச் சத்தத்தில் கத்தாமல் அவருக்குக் கேட்காது.

கடல் இறங்கக்கூடிய கடல் அல்ல. கரையே இல்லை, பாறை முடிந்தால் ஆழம். வைதேகி தூரத்தில், றோட்டோரம் நின்றாள். நீங்கள் சொன்னபடி நான் நிறுத்தவில்லை, அவளாகவே நின்றாள். நான் குனிந்து பிண்டத்தை விட்டேன். போத்தலைத் திறந்தபோது பெரிய அலை ஒன்று வந்து முழங்காலை அடித்தது. கால் வழுக்கியது. அடுத்த கணம் பின்னால் இருந்து என் இடுப்பை ஒருத்தி இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கூர்ப் பாறையில் எப்படி ஓடி வந்தாளோ. "விடமாட்டேன், நீ உன் வேலையைப் பாரு" என்று காதுக்குள் கத்தினாள். அவளுடைய பிடியில் நின்றுதான் கரைத்தேன். அந்த இந்தியாக்காரி பிடித்திருக்காவிட்டால் அப்பாவோடு நானும் போயிருப்பேன். நீங்கள் இரண்டு திவசம் செய்யவேண்டி வந்திருக்கும்.

பாதியை வைக்கவில்லை. வைக்கத்தான் நினைத்தேன், மனம் வரவில்லை. அப்பாவைப் பங்கு போட்டு ஒரு பாதியைச் சுதந்திரமாக விட்டு, மற்றப் பாதியை மறுபடி அறையில் அடைக்க என்னால் ஏலாது. முழுவதையும் விட்டேன். உங்களிடம் கேட்காமல் செய்தேன். மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை.

திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று எழுதினீர்கள். திரும்பிப் பார்த்தேன். அப்பா தயங்கவில்லை. அந்தத் தண்ணீரில் ஒரு நிமிடம் வெள்ளையாக நின்று, பிறகு போய்விட்டார்.

வெறும் போத்தலில் அந்த நிலத்தின் ஒரு துண்டுக் கல்லைப் போட்டுக் கொண்டுவருகிறேன். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், அல்லது ஜன்னலால் எறியுங்கள். நாங்கள் பதினேழாம் தேதி சனிக்கிழமை மதியம் பிராங்பேர்ட்டில் இறங்குகிறோம். அங்கிருந்து ரயிலில் வருவேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம். நான் தட்டுவேன்.

உங்கள்
கமலம்


பிராங்பேர்ட் விமான நிலையம்
17.9.1988

அன்பின் தங்கச்சிக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை, கையில் தருவேன். உன்னைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது என்பதால் எழுதுகிறேன்.

அனுமதிக்கு விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்தால் என்ன காரணம் என்று கேட்பார்கள். கடலில் கரைந்த அப்பாவின் மகளைக் கூட்டிவர என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. காலையில் ரயில் ஏறினேன். வுப்பர்டால் எல்லை எது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, நாலு வருடமாகப் பயந்த கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே தாண்டிவிட்டேன். கொலோனில் ரயில் நின்றபோது இறங்கிவிட எழுந்தேன். அப்போது அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. நாலு வருடமாக வளைவுக்கு முன்னால் மிதித்துக்கொண்டேதான் இருந்தேன். இப்போது வளைவுக்குள் வந்துவிட்டேன். இனி மிதிக்க மாட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். பாதி வைக்கவில்லை என்ற வரியில் உன்னை அடிக்கவேண்டும் போல இருந்தது. பிறகு யோசித்தேன். அந்தப் பாதி வந்திருந்தால் நான் அதற்குப் பக்கத்தில் இருந்து கிழவனாகியிருப்பேன். கோபம் தீரவில்லை. இன்னும் கொஞ்சநாள் இருக்கும், பொறுத்துக்கொள்.

என்னைக் கண்டால் அடையாளம் தெரியாது, தலையும் தாடியும் வழித்து மொட்டை. பதினோராம் தேதி காலை, நீ செய்யும் அதே நேரமாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து, தொங்குரயிலுக்குக் கீழே வுப்பர் ஆற்றில் இறங்கினேன். தண்ணீர் முழங்கால்வரைதான், குளிர் எலும்பில் ஏறியது. மேலே ரயில் போகும்போது சனம் ஜன்னலில் எட்டிப் பார்த்தது. நாயோடு வந்த ஒரு கிழவி கரையில் நின்று எனக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். என் அரைகுறை ஜெர்மனில் என் அப்பா என்று மட்டும் சொன்னேன். அவள் போகவில்லை. நாயையும் பிடித்துக்கொண்டு, நான் முங்கி முடிக்கும்வரை நின்றாள். நீ ஒரு கரையில், நான் ஒரு கரையில். இரண்டு பேரும் செய்தோம். யார் செய்தது சரி என்று இனி நான் கேட்க மாட்டேன்.

கல்லை எறிய மாட்டேன். ஐப்பசியில் திவசம் உண்டு. சோறு குழையாமல் வடிக்க வேண்டும், அதை நீ பார்.

அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று ரயிலில் முழுக்க யோசித்தேன். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்திருக்கிறேன், மூன்று கோப்பையும் கொண்டுவந்திருக்கிறேன். அதைப் பார்த்து அவளே விளங்கிக்கொள்ளட்டும்.

விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் போட்டிருக்கிறார்கள். இரண்டு பொலிஸ்காரர் வரிசை வரிசையாக வந்துகொண்டிருக்கிறார்கள். கறுத்த முகங்களுக்கு முன்னால் மட்டும் நின்று அட்டை கேட்கிறார்கள். எனக்கு முன்னால் இன்னும் ஒரு வரிசை. எழுந்து கழிப்பறைக்குள் போக நேரம் இருக்கிறது. போக மாட்டேன். இந்த வாங்கிலேயே உட்கார்ந்திருந்தால்தான் நீ வரும் கதவு நேரே தெரிகிறது.

அண்ணா
உருத்திரமூர்த்தி